நிறம் வராத தண்ணீர்

காலை ஏழே கால் மணி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு கல்யாணப் பத்திரிகை. தெருக்குழாய் அருகில் நின்ற பெண்மணி ஒருவர் அதைத் திருப்பி, எழுத்தில்லாத வெள்ளைப் பக்கத்தை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அதற்கு முன்னால் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் பாதிவரை தண்ணீர். குடத்தோடு நின்ற நாலைந்து பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காவிரியில் புதுத் தண்ணீர் வந்ததிலிருந்து குழாயில் கலங்கலாக வருகிறது என்று புகார். நாளிதழுக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன்.

"மஞ்சள் வருதாக்கா?" என்றார் வரிசையில் முதல் ஆள்.

"லேசா வருது. எதுக்கும் காய்ச்சிக் குடிங்க."

"நேத்து டேங்க்ல பவுடர் நிறைய கொட்டினாங்களாம்."

"கொட்டினது எவ்வளவுன்னு சொல்லாதீங்க. மிச்சம் எவ்வளவுன்னு பாருங்க."

அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் அது. அன்று முதல்முறை கேட்டேன். பிறகு நாலு வருடங்களில் எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு தனியார் தண்ணீர் பரிசோதனைக் கூடம் இருந்தது. அதில் அவர்தான் கெமிஸ்ட். எம்.எஸ்ஸி. படித்தவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, முன்பக்கம் மட்டும் நரை. புடவைகளில் ஆங்காங்கே நிறம் போன பொட்டுகள் இருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசல் தெறித்த இடங்கள் அவை. கைப்பையில் கண்ணாடிக் குழாய் இரண்டு, சொட்டுக் குப்பி ஒன்று, கல்யாணப் பத்திரிகை ஒன்று எப்போதும் இருக்கும். சொட்டு விட்டதும், தண்ணீரில் குளோரின் மீந்திருந்தால் மஞ்சள் நிறம் வரும்; அது மிக மங்கலாக வரும்போது பின்னால் வெள்ளை இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் என்பார். பத்திரிகை அழுக்கானால் மாற்றுவார். வந்த கல்யாணங்களுக்குப் போனாரா என்று நான் கேட்டதில்லை.

முதல் நாளே அவரிடம் விளக்கம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பேடு இன்னும் இருக்கிறது.

"தண்ணியில குளோரின் போடறோம். அது நேரா கிருமிகிட்ட போகும்னு நினைக்கறாங்க. போகாது தம்பி. வழியில யார் நிக்கறாங்களோ அவங்களோட முதல்ல சேரும். இரும்பு இருந்தா இரும்போட. சேறு இருந்தா சேத்தோட. இலை, பாசி, எல்லாத்துக்கும் குடுத்துடும். குடுக்கக் குடுக்க அது தீந்துட்டே வரும். எல்லாருக்கும் போக ஏதாவது நிக்குதா, அதுதான் நமக்குக் காவல். அஞ்சு கிலோ போட்டேன், பத்து கிலோ போட்டேன்னு சொல்றதுல ஒண்ணும் இல்ல."

பள்ளிப் பாடத்தில் வினைபடுபொருள் என்று ஒரு சொல் உண்டு. சேர்ந்து மாறும் பொருள்கள். எது முதலில் தீர்கிறதோ அங்கே வினை நின்றுவிடும், மற்றது எவ்வளவு மீந்தாலும் பயனில்லை. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்திருந்தேன். அவர் அதைக் குழாயடியில் நின்று சொன்னபோதுதான் புரிந்தது.

ஒருமுறை ஒரு மண்டபத்துக்கு யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று வாசல் சாலையின் இருபுறமும் வெள்ளைக் கோடாகப் பவுடர் தூவியிருந்தார்கள். நானும் அவரும் அந்தப் பக்கம் நடந்து போனோம். அவர் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இது எப்பவோ செத்துப்போச்சு. வெறும் சுண்ணாம்பு."

தூவிக்கொண்டிருந்த காண்ட்ராக்டர் கேட்டுவிட்டார். "மேடம், அஞ்சு மூட்டை போட்டிருக்கோம்."

"அம்பது மூட்டை போடுங்க. உள்ள எதுவும் இல்ல. மூட்டையைப் பிரிச்சு வச்சா குளோரின் பறந்துடும். கோலம் போடறதுக்கு ஆகும்."

காண்ட்ராக்டர் சிரித்தார். கெமிஸ்ட் சிரிக்கவில்லை.

கூடத்துக்குக் கீழே பாய் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். பாலக்கரைக்காரர். கெமிஸ்ட் படியிறங்கி வந்தாலே இவர் வாயைக் கிளறுவார்.

"சீனி ஒன்றரைக் கரண்டி போட்டிருக்கேன் மேடம்."

"போட்டதைச் சொல்லாதீங்க பாய். குடிச்சுப் பாத்துட்டு நான் சொல்றேன்."

"ஒரு நாளைக்கு டீயையும் குழாயில ஊத்தி, பத்திரிகையை வச்சுப் பாக்கத்தான் போறீங்க. எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைய மட்டும் அதுக்கு எடுத்துராதீங்க, சொல்லிட்டேன்."

"உங்க பத்திரிகை பச்சை கலர் பாய். அது ஆகாது."

இது வேடிக்கையாகத்தான் இருந்தது. அதே வாக்கியம் வேடிக்கையாக இல்லாத ஒரு நாளும் உண்டு.

அவர் கணவர் நீண்ட காலம் படுக்கையில் இருந்து இறந்தார். பதிமூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு நானும் போயிருந்தேன். கைலாசபுரத்திலிருந்து அவருடைய நாத்தனார் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து முன்னறையில் உட்கார்ந்து, "எங்கண்ணனுக்கு நான் எவ்வளவு செஞ்சேன்னு எல்லாருக்கும் தெரியும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர் சமையலறை வாசலில் நின்றபடி, குரலை உயர்த்தாமல், "செஞ்சதெல்லாம் இருக்கட்டும். கடைசி மூணு வருஷத்துல ஒரு தடவை வந்து பாத்தீங்களா? அவருக்குன்னு உங்ககிட்ட என்ன மிச்சம் இருந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றார்.

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதன்பின் அந்த வீட்டுக்கு வந்ததாகத் தெரியவில்லை. வேறொருவர் சொல்லி எனக்குப் பிறகு தெரிந்தது: கணவர் படுக்கையில் விழுந்த முதல் சில வருடங்கள், இவர் வேலைக்குப் போகும் நாட்களில் மதியச் சாப்பாடு கைலாசபுரத்திலிருந்துதான் வந்திருக்கிறது. பஸ் மாறி, தூக்கில் எடுத்து வந்து, ஊட்டிவிட்டுப் போனவர் அந்த நாத்தனார். பிறகு அவருக்கே மூட்டு வலி வந்து படியேற முடியாமல் போயிருக்கிறது. இவர் அதை ஒருபோதும் என்னிடம் சொன்னதில்லை. மறைத்தார் என்று நினைக்கவில்லை. அது இவருடைய பார்வையில் தீர்ந்துபோன பொருள்.

கே.கே. நகரைத் தாண்டி ஒரு தனியார் குடியிருப்பு. ஒன்பது வரிசை வீடுகள், சொந்த போர்வெல், சொந்த மேல்நிலைத் தொட்டி. ஒரு பிப்ரவரி மாதக் கடைசியில் அங்கே வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. குழந்தைகள் சிலரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். சங்கச் செயலாளர் தண்ணீரைப் பரிசோதிக்க இவரை அழைத்தார். இவர் எனக்குச் சொன்னார். நானும் போனேன்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். வையம்பட்டிப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மோட்டார் ரூமை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடும் மகளோடும் குடியிருந்தார். மகள் பக்கத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. நாங்கள் போனபோது அந்தப் பெண் அறை வாசலில் உட்கார்ந்து மடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இவர் தண்ணீர் பிடித்தார். அந்த மனிதர் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு அருகில் வந்தார்.

"அம்மா, காலைல ஒரு பக்கெட்ல கரைச்சு ஊத்தினேம்மா. தெளிய வச்சு, மேல் தண்ணிய மட்டும்..."

"எவ்வளவு போட்டீங்கன்னு சொல்லாதீங்க. மிச்சம் எவ்வளவுன்னு பார்ப்போம்."

அவர் நிறுத்திக்கொண்டார். இவர் குப்பியிலிருந்து சொட்டுகளை விட்டு, குழாயை ஆட்டி, பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தைப் பின்னால் பிடித்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இரண்டாவது குழாயிலும் பார்த்தார். மஞ்சள் வரவில்லை.

"ஒண்ணுமே இல்லையே மேடம்" என்றார் செயலாளர்.

"இல்ல."

"அப்ப இவன் போடவே இல்ல."

"எஞ்சிய குளோரின் இல்லை. அதைத்தான் நான் எழுதுவேன்" என்றார் இவர். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்கு மேல் இவர் எதுவும் சொல்லவில்லை. மேலே சொல்ல வேண்டியதை நான் எழுதினேன். 'பராமரிப்பாளரின் அலட்சியத்தால் குடியிருப்பில் வயிற்றுப்போக்கு: பரிசோதனையில் அம்பலம்' என்று மறுநாள் வந்தது. பரிசோதனை அறிக்கையை மேற்கோள் காட்டியிருந்தேன். செயலாளரின் கருத்து இருந்தது. அந்த மனிதரின் கருத்து இல்லை. அவர் என்னிடமிருந்து நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தார்.

செய்தி வந்த அன்று மாலைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு மினி லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலை பதினொன்று நாற்பதுக்கு இவர் போன் செய்தார். "கொஞ்சம் வர முடியுமா? ஒண்ணு காட்டணும்." குரலில் வித்தியாசம் எதுவும் இல்லை.

போனேன். மேசையில் ஒரு வாளி தண்ணீர். ஒரு லாட்ஜிலிருந்து பரிசோதனைக்கு வந்தது. அறைக்குள் நுழையும்போதே பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது.

"வாசனை வருதா?"

"வருது."

அதிலிருந்து ஒரு குழாயில் ஊற்றி, குப்பியிலிருந்து சொட்டு விட்டார். நிறம் வரவில்லை. அலமாரியிலிருந்து பிரிக்காத ஒரு பழுப்புக் குப்பியை எடுத்து மூடியைத் திறந்தார். அதே தண்ணீர், வேறு குழாய், புதுச் சொட்டு. ஆழ்ந்த மஞ்சள் வந்தது. இரண்டு குழாய்களையும் பக்கத்துப் பக்கத்தில் தாங்கியில் நிறுத்தினார்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னார். ஜனவரியில், பொங்கலுக்கு அலமாரியைச் சுத்தம் செய்தபோது சோதனை மருந்து இருந்த பழுப்புக் குப்பியின் வாய் உடைந்தது. மருந்து வீணாகக் கூடாது என்று நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடிக் குப்பியில் மாற்றினார். அந்த மருந்து வெளிச்சத்தில் கெட்டுவிடும். அது அவருக்குத் தெரியும். இரண்டு நாளில் புதுக் குப்பி வாங்கிவிடலாம் என்று நினைத்தார். வாங்கினார். அலமாரியில் வைத்தார். ஆனால் கை பழக்கத்தில் ஜன்னல் திட்டிலிருந்த வெள்ளைக் குப்பியிலிருந்தே சின்னக் குப்பியை நிரப்பிக்கொண்டிருந்தார். அது கிழக்கு ஜன்னல்.

"நிறம் வரணும்னா ரெண்டு பக்கமும் உயிரோட இருக்கணும் தம்பி. தண்ணியில குளோரினும் இருக்கணும், என் குப்பியில மருந்தும் இருக்கணும். நிறம் வரலேன்னா ரெண்டுல ஒண்ணு இல்லைன்னு அர்த்தம். எது இல்லைங்கறதைத்தான் நான் பாக்கணும். பாக்கல. அவர்கிட்டதான் இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப அவர் போட்டிருக்கார்."

"அதுவும் எனக்குத் தெரியாது. அன்னிக்கு எடுத்த தண்ணி இப்ப இல்ல. இருந்தாலும் அதுல இருந்தது பறந்திருக்கும். அவர் போட்டார்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னு நான் எழுதினது தப்புன்னு மட்டும்தான் சொல்ல முடியும்."

கூடத்தின் உரிமையாளர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மேடம், ரெண்டு மாசமா குடுத்த ரிப்போர்ட் அத்தனையும் தப்புன்னு நாமே சொன்னா அப்புறம் யார் வருவாங்க? கடையை மூடச் சொல்றீங்களா?"

"லெட்டர்ஹெட் தர வேண்டாம் சார். நான் வெள்ளைத்தாள்ல எழுதிக்கறேன்."

எழுதினார். அரைப் பக்கம். அதை எடுத்துக்கொண்டு இருவரும் குடியிருப்புக்குப் போனோம். செயலாளர் படித்துவிட்டு மடித்தார்.

"விடுங்க மேடம். புது ஆள் போட்டாச்சு. அவர் வந்ததுலேர்ந்து ஒருத்தருக்கும் வயிறு சரியில்லாம போகல. அதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்ல. இப்ப எல்லாரும் காய்ச்சிக் குடிக்கறீங்க. ஆறாவது வரிசையில டிரெய்னேஜும் குடிதண்ணிக் குழாயும் குறுக்க போகுது. அதைத் தோண்டிப் பாருங்க."

"பாக்கலாம்."

"அந்த ரூம்?"

"புது ஆளோட குடும்பம் வந்துருச்சே மேடம். அவங்களை எங்க போகச் சொல்றது?"

மோட்டார் ரூமை ஒட்டிய அறை வாசலில் வேறு யாருடைய துணிகளோ காய்ந்துகொண்டிருந்தன. ஆறாவது வரிசையை அவர்கள் தோண்டியது மே மாதத்தில். இவர் சொன்ன இடத்தில்தான் குழாய் உடைந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியப் பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினோம். வையம்பட்டியில் இறங்கி ஆட்டோவில் போனோம். அண்ணன் வீட்டில் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் அவர்கள் தங்கியிருந்தார்கள். சாமான்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். பழக்கம் போலிருக்கிறது. பிறகு நினைவு வந்தவர்போல மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

இவர் உட்காரவில்லை. நின்றபடியே குப்பி உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். தான் எழுதியது தவறு, தான் பார்த்தது தவறு என்று முடித்தார். அந்த மனிதர் முழுவதையும் கேட்டார்.

"நான் ஊத்தினேம்மா."

"தெரியல எனக்கு. ஆனா நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும்."

"நான் சொல்ல வந்தேன். நீங்க சொல்லாதீங்கன்னீங்க."

"ஆமா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எத்தனை மக்கு பவுடர், எத்தனை மணிக்கு, எல்லாம் சொல்லியிருப்பேன். பவுடர் பாக்கெட்டுகூட அங்கதான் கெடந்துச்சு. நீங்க குழாயைப் பாத்துட்டே இருந்தீங்க."

அவர் மனைவி உள்ளிருந்து வந்தார். என்னைப் பார்த்து, "பேப்பர்ல போட்டது நீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "இங்க டீக்கடைல ஒட்டி வச்சிருக்காங்க. இவரு பேரு இல்லைன்னாலும் எல்லாருக்கும் தெரியுது." சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இவர் வந்ததன் காரணத்துக்கு வந்தார். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டில் ஓர் அறை சும்மா இருக்கிறது. பெண் வந்து தங்கி எழுதட்டும், தானே கொண்டுபோய் விட்டு, கூட்டி வருவார். அம்மாவும் கூட வரட்டும்.

அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பாவாடை ஓரம் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"உங்க வீட்டுல வேணாம்மா."

"என் மேல இருக்கற கோவம் நியாயம்தான். அதுக்காக அந்தப் புள்ளை..."

"கோவம் இல்லம்மா. அந்த ஸ்கூல்ல ஒரே பெஞ்சுல காலனிப் புள்ளைங்க உக்காந்திருக்கு. உங்கப்பன் மருந்து போடலைன்னு இதுகிட்ட சொல்லியிருக்குங்க. அழுதுட்டு வந்துச்சு. திரும்ப அங்க அனுப்ப மாட்டேன்."

"நான் ஸ்கூலுக்கு வந்து சொல்றேன். பிரேயர்லயே சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவீங்க? அவன் போட்டான்னு சொல்லுவீங்களா?"

இவர் அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இல்லாமலும் இருந்திருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மனிதர் பெண்ணை அனுப்பியிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன்.

"என் ரிப்போர்ட் தப்புன்னு சொல்லுவேன்" என்றார் இவர்.

அவர் தலையை ஆட்டினார். சம்மதம் இல்லை என்பதற்கான ஆட்டல். எங்களுக்குச் செம்பில் தண்ணீர் வந்தது. இவர் வாங்கிக் குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மணப்பாறை தாண்டியதும், "தெரியாததை எப்படிப்பா சொல்றது?" என்று ஒருமுறை கேட்டார். என்னைக் கேட்டதாகத் தோன்றவில்லை.

நாளிதழில் திருத்தம் போடச் சொல்லி நான் கொடுத்தது பன்னிரண்டு வரி. ஏழாம் பக்கத்தில் நாலு வரி வந்தது. அதன் ஒரு பிரதியை வையம்பட்டிக்குத் தபாலில் அனுப்பினேன். இவர் அந்தப் பள்ளிக்குத் தனியாகப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தார் என்பது பிறகு தெரிந்தது. தலைமையாசிரியர் இரண்டு முறை ஊருக்கு ஆள் அனுப்பினார். ஹால் டிக்கெட்டையும் கொடுத்தனுப்பினார்.

பரீட்சை மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. வருகைப் பதிவைப் பள்ளியில் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் எண்ணுக்கு நேராக ஐந்து தாள்களுக்கும் 'வரவில்லை' என்று இருந்தது.